தன்னாமுனையில் இருந்த நாட்கள்

காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள் சேர்ந்த மாத்திரை. என் எடைக்கு நாளொன்றுக்கு மூன்று. வெறும் வயிற்றில், காலையில், ஒரே நேரத்தில் விழுங்க வேண்டும். ஒரு நாளும் தவறக்கூடாது. விழுங்குவதை ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அரசாங்கம் மருந்தை இலவசமாகத் தருகிறது. இவ்வளவும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவிடக் கூடியவை. அந்த ஆறு மாதத்தை எங்கே, யாரோடு, எப்படிக் கழிப்பது என்பதை எந்தக் காகிதமும் சொல்லவில்லை.

எனக்கு அந்த நோய் இருப்பது 2022 பெப்ரவரியில் தெரிந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம். அதற்கு முன் இரண்டு மாதமாக இருமல். ஒரு தனியார் வைத்தியர் மூன்று போத்தல் பாணி மருந்து தந்தார், மூன்றும் இனிப்பாக இருந்தன. பின்னேரங்களில் மெல்லிய காய்ச்சல், இரவில் தலையணை நனையும் வியர்வை. கொரோனா முடிந்தும் முடியாத நேரம் என்பதால் வகுப்பில் நான் இருமினால் முன் வாங்கில் இருப்பவர்கள் மாஸ்க்கை மேலே இழுத்துவிடுவார்கள். ஒரு நாள் சளியில் இரத்தக் கோடு கண்டதும்தான் வாப்பா முச்சக்கர வண்டியை எடுத்தார்.

உம்மம்மா மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று குறுக்கே நின்றார். அவரைக் குறைசொல்ல முடியாது. கொரோனாவில் மௌத்தான நம்மவர்களின் ஜனாஸாக்களை எரித்த காலம் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தபோது எங்கள் வீட்டில் அழுதது நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குள் போனவர் எப்படித் திரும்பி வருவார் என்ற பயம் உம்மம்மாவைப் போன்றவர்களின் நெஞ்சில் அப்போதும் ஈரமாகவே இருந்தது. "இருமலுக்குப் போய் ஆஸ்பத்திரியா?" என்று கேட்டுக்கொண்டேதான் அவரும் வண்டியில் ஏறினார்.

மட்டக்களப்பு மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள், விடியற்காலைச் சளியைச் சின்னப் போத்தலில் கொண்டுவரச் சொன்னார்கள். கிருமி இருந்தது. டொக்டர் மிகவும் சாதாரணமாகப் பேசினார். மருந்து தொடங்கிக் கிட்டத்தட்ட இரண்டு கிழமையில் மற்றவர்களுக்குப் பரவும் தன்மை பெரும்பாலும் அடங்கிவிடும். அதுவரை தனி அறை, திறந்த ஜன்னல், இருமும்போது வாயை மூடுவது போதும். கோப்பை, பீங்கான், உடுப்பு, புத்தகம் எதனாலும் இது தொற்றாது என்றார். மூத்திரம் செம்மஞ்சளாகப் போகும், பயப்படாதே, அது மாத்திரையின் நிறம் என்றும் சொல்லிவைத்தார். அது நல்லதாய்ப் போயிற்று. சொல்லாமல் விட்டிருந்தால் மறுநாள் காலை நான் செத்தே போயிருப்பேன்.

எங்கள் வீடு ஏறாவூரில். உம்மா, வாப்பா, நானா, ராத்தா, உம்மம்மா, சாச்சியின் குடும்பம் என்று ஒரே வளவுக்குள் எல்லோரும். சாச்சிக்கு அப்போது ஐந்து மாதக் கைக்குழந்தை. தனி அறை என்று ஒன்றுமில்லை. குழந்தைக்காகவாவது என்னை வேறிடத்தில் வைக்க வேண்டும் என்றார்கள், அதில் நியாயம் இருந்தது. இரண்டாவது காரணத்தை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. ராத்தாவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தன்னாமுனையில், வாவிக் கரையோரமாக, மூத்தாப்பா வாங்கிப் போட்ட ஒரு தென்னந்தோட்டமும் இரண்டு அறை வீடும் எங்களுக்கு உண்டு. மட்டக்களப்பிலிருந்து ஏறாவூருக்கு வரும் பாதையில் சத்துருக்கொண்டானைத் தாண்டினால் தன்னாமுனை. பஸ்ஸில் எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன், இறங்கியதில்லை. உம்மம்மாவும் நானும் இரண்டு பாயும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்புமாக அங்கே போனோம். டொக்டர் சொன்னது இரண்டு கிழமை. நான் இருந்தது மே மாதம் வரை.

முதல் இரண்டு கிழமை நோயோடு கழிந்தது. மாத்திரை குமட்டும், சோறு இறங்காது, படுத்தால் இருமல், எழுந்தால் தலைசுற்று. அந்த நாட்களைப் பற்றி எழுத அதிகமில்லை. நோய் கடுமையாக இருக்கும்போது நேரம் ஒரு பிரச்சினையே இல்லை. உடம்பு தேறத் தொடங்கிய பிறகுதான் நாட்கள் நீளத் தொடங்கின. மூன்றாம் கிழமை காய்ச்சல் நின்றது. பசித்தது. பசித்த பிறகு, யாரோடாவது பேச வேண்டும் போல் இருந்தது. பேச உம்மம்மா இருந்தார், வாவி இருந்தது. வாவி என்று புத்தகத்தில் எழுதுகிறோம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அது "ஆறு"தான். ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளத்துக்கு மட்டக்களப்பின் முதுகோடு ஒட்டிக் கிடக்கிற அந்தத் தண்ணீர் எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் கண்ணாப் பற்றைகளுக்கிடையில் ஒரு பாய் அகலம்தான் தெரியும். அதில் காலையில் ஒரு தோணி போகும், பின்னேரம் அதே தோணி வரும். மட்டக்களப்பில் மீன் பாடும் என்பார்கள். பௌர்ணமி இரவுகளில் நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்து பார்த்தேன். நுளம்புதான் பாடியது.

ஜன்னலைப் பற்றி எனக்கும் உம்மம்மாவுக்கும் தினமும் சண்டை. டொக்டர் திறந்து வைக்கச் சொன்னார், காற்றோட்டம் இருந்தால் கிருமி அறைக்குள் தங்காது, வெயில் அதைக் கொன்றுவிடும். உம்மம்மாவின் மருத்துவத்தில் ஆற்றுக்காற்றுத்தான் எல்லா நோய்க்கும் தாய். மஃரிபுக்குப் பிறகு அவர் சாத்துவார், நான் திறப்பேன். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம்: ஜன்னல் திறந்திருக்கும், அவர் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுப்பார்.

அந்த வருடம் நாடே காத்துக்கொண்டிருந்தது. வாப்பா பெற்றோல் செட்டில் இரவு முழுக்க வரிசையில் கிடப்பார். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்ததும் ஆற்றில் இரவுத் தோணிகளின் விளக்குகளும் குறைந்தன. எல்லோரும் எதற்காகவோ வரிசையில் நிற்கும் காலத்தில் நானும் ஒரு வரிசையில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் பெற்றோல் வரிசையில் முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்கள் நிற்பார்கள். ஒருவருக்கொருவர் தேநீர் வாங்கிக் கொடுப்பார்கள் என்று வாப்பா சொல்லுவார்.

மாத்திரை விழுங்குவதைப் பார்க்கக் குடும்ப நல மாது சைக்கிளில் வருவார். நாங்கள் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அட்டையில் ஒரு கட்டத்தில் அடையாளம் போடுவார், இரண்டு வார்த்தை பேசுவார், போய்விடுவார். அந்த ஐந்து நிமிடத்துக்காக நான் சுபஹுக்குப் பிறகு தூங்காமல் இருந்திருக்கிறேன். ஏன் ஆறு மாதம் என்று ஒரு நாள் அவரிடம் கேட்டேன். இது சோம்பேறிக் கிருமி என்றார். பிறகு நானே தேடி வாசித்தேன். வயிற்றோட்டத்துக்குக் காரணமாகிற சில கிருமிகள் இருபது நிமிடத்தில் இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமிக்கு அதற்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வேண்டும். பிரியும் கிருமியைத்தான் மருந்து இலகுவாகக் கொல்லும். தூங்கிக் கிடக்கிறவை எப்போது விழிக்கும் என்று தெரியாது. ஆகவே மருந்து வாசலில் காவல் நிற்க வேண்டும், அவை ஒவ்வொன்றாக எழும்பி வரும் வரை. ஆக, உடம்புக்குள்ளும் ஒரு காத்திருப்புத்தான் நடந்துகொண்டிருந்தது.

காத்திருப்பில் உம்மம்மா பழுத்தவர். மூத்தாப்பா மௌத்தானபோது நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்தவர். அதை நான் அதுவரை ஒரு மார்க்கக் கடமையாக மட்டுமே அறிந்திருந்தேன். நூற்று முப்பது நாள் ஒரு பெண் வீட்டுக்குள் என்ன செய்வாள் என்று யோசித்ததேயில்லை. தன்னாமுனையில்தான் கேட்டேன்.

"நாள எண்ணப்படாது புள்ள. எண்ணினா நாள் கூடும். வேலைய எண்ணணும்."

"என்ன வேலை?"

"நான் பாய் இழைச்சன். ஏழு பாய். ஏழாவது முடிய இத்தாவும் முடிஞ்சிச்சி."

இரண்டு நாளில் எங்கிருந்தோ பன் கட்டு வந்து சேர்ந்தது. காயவைத்த பன்னைக் கீறி, பெரிய சட்டியில் சாயம் கொதிக்கவைத்து, சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக நிறம் ஏற்றி, கொடியில் உலரப் போட்டார். எனக்கு இழைக்கச் சொல்லித் தந்தார். முதல் நாள் ஒரு சாண் கூட வரவில்லை, விரல் நுனியெல்லாம் எரிந்தது. உம்மம்மா என் வேலையைப் பார்த்து, "மறுகா அவிழ்" என்பார். அவிழ்ப்பேன். இப்படி ஒரு ஓரத்தை நான்கு தடவை அவிழ்த்து இழைத்திருக்கிறேன். அவர் வேண்டுமென்றே அவிழ்க்கவைத்தாரோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. நாட்கள் போயின என்பது மட்டும் உண்மை.

நோயாளிகளைத் தூரத்தில் வைப்பது மட்டக்களப்புக்குப் புதிதல்ல. இதே வாவியில் மாந்தீவு இருக்கிறது. தொழுநோயாளிகளுக்கான ஆஸ்பத்திரி அந்தத் தீவில்தான் இருந்தது. தோணியில்தான் போக வேண்டும். 1901இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டப்படி தொழுநோய் வந்தவரைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்த முடிந்தது. அப்படிப் போனவர்களில் பலருக்குக் கரைக்குத் திரும்பும் நாளே வரவில்லை. இலங்கையில் 1983இல் தொழுநோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது, ஆறு மாதத்தில் அல்லது ஒரு வருடத்தில் சுகமாகும் நோயாக அது மாறிற்று. இன்று தொழுநோயாளி வீட்டில் இருந்தபடியே மருந்து எடுக்கிறார். ஆனால் சுகமான பிறகும் போக வீடு இல்லாமல் தீவிலேயே தங்கியவர்கள் இருந்தார்கள். நோயை மாத்திரை போக்கிவிட்டது, வீட்டுக் கதவைத் திறக்க அதனால் முடியவில்லை. உம்மம்மா சின்னவராக இருந்தபோது அடம்பிடிக்கிற பிள்ளைகளை "மாந்தீவுக்கு அனுப்பிப் போடுவன்" என்று வெருட்டுவார்களாம். அதைச் சொல்லிவிட்டு அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. இருவரும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காசநோய்க்கும் ஒரு காலத்தில் இப்படித்தான். 1882 மார்ச் 24ஆம் திகதி ரொபேர்ட் கொக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். ஆனால் அதற்குப் பிறகு அறுபது வருடத்துக்கு மேல் மருந்தில்லை. மலைக்காற்றும் ஓய்வும்தான் மருந்து, வசதியுள்ளவர்களுக்கு சானடோரியம். சென்னைக்குப் பக்கத்தில் தாம்பரத்தில் அப்படி ஒன்று 1928இல் வந்தது, இன்றும் அங்கே ரயில் நிலையத்தின் பெயரே சானடோரியம்தான். நமது தமிழ்ப் பாடத்தில் வரும் புதுமைப்பித்தனை எடுத்துக்கொண்டது இதே நோய். புனேயில் சினிமா வேலைக்குப் போன இடத்தில் நோய் முற்றி, 1948 ஜூனில் திருவனந்தபுரத்தில் இறந்தார். வயது நாற்பத்திரண்டு. ஸ்ரெப்டோமைசின் கண்டுபிடித்துக் கிட்டத்தட்ட ஐந்து வருடம் ஆகியிருந்தது. அவருடைய கதைகளை அந்த வீட்டில் இருந்து வாசித்தபோது அவரும் இதே இருமலைத்தான் இருமினார், மூன்று மாத்திரை மட்டும் அவரிடம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இலக்கியம் படிப்பதற்கு இது சரியான முறையா என்று தமிழ் ஆசிரியைதான் சொல்ல வேண்டும்.

நான் எல்லோரிடமும் சொல்ல ஆசைப்படுகிற விஷயம் இனிமேல்தான் வருகிறது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை எல்லாம் சேர்ந்த முயற்சி. கேள்வி எளிமையானது: மருந்து இருக்கிறது, சானடோரியத்தில் கட்டில் போதாது, நோயாளி வீட்டிலேயே இருந்து மருந்து எடுத்தால் என்ன ஆகும்? நகரத்தின் ஏழை நோயாளிகள் ஏறக்குறைய இருநூறு பேர். யார் வீட்டுக்கு, யார் சானடோரியத்துக்கு என்று குலுக்கல் போலப் பிரித்தார்கள். இரு பக்கத்துக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, கட்டில், ஓய்வு, காற்று. வீட்டிலிருந்தவர்களுக்கு ஒரே அறையில் பலர், குறைந்த சாப்பாடு, வேலைக்கும் போக வேண்டும். முடிவு 1959இல் வெளியானது. இரு சாராரும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சுகமானார்கள். அதைவிட முக்கியம், வீட்டில் வைத்துப் பார்த்த நோயாளிகளின் குடும்பத்தார் சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோயாளிகள் ஆகவில்லை. மருந்து தொடங்குமுன், நோய் தெரியாத நாட்களில் நடந்த தொற்றுத்தான் பெரும்பாலும் நடந்தது. உலகமெங்கும் சானடோரியங்கள் மெல்ல மெல்ல மூடியதற்கும் இன்று நமக்கு வீட்டுக்கே மிஸ் வருவதற்கும் அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம்.

இதை நான் கைபேசியில் வாசித்தது ஏப்ரல் தொடக்கத்தில், மின்சாரம் வந்த இரண்டு மணித்தியாலத்துக்குள். வாசித்ததும் உம்மாவுக்கு அழைத்தேன். "உம்மா, சென்னையில அறுபது வருஷத்துக்கு முந்தியே கண்டுபுடிச்சிட்டாங்க, நான் வீட்டுக்கு வரலாம்" என்றேன். உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மாப்பிள்ள வீட்டார் வெள்ளிக்கிழம வாறாங்க மகள்" என்றார்.

உம்மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லையென்று எழுதினால் அது பொய். ஆனால் அவருடைய கணக்கும் விளங்காமலில்லை. நம்முடைய ஊர்களில் பெண்ணைக் கொடுக்க வீடு கட்ட வேண்டும், அந்த வீட்டில் ஒருத்திக்குக் கசம் என்று ஒரு சொல் வெளியே போனால் கட்டிய வீடு அப்படியே நிற்கும். குடும்பத்தாரைப் பரிசோதிக்க வந்த பி.எச்.ஐ. ஐயாவின் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றதற்கே தெருவில் நாலு பேர் கேட்டார்களாம், டெங்கு என்று உம்மா சமாளித்தாராம். எல்லோரையும் பரிசோதித்தார்கள், அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் இல்லை. சாச்சியின் குழந்தைக்கு மட்டும் முற்காப்பாக மருந்து கொடுத்தார்கள்.

அந்த வருடம் ஏப்ரல் மூன்றாம் திகதி நோன்பு தொடங்கியது. நோயாளி பிறகு கழாச் செய்யலாம் என்று மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. காலையில் மாத்திரை விழுங்க வேண்டியிருந்ததால் வேறு வழியுமில்லை. சலுகையை அறிவு ஏற்றுக்கொண்டது. மற்றவர்கள் ஸஹருக்கு எழும்பும் நேரத்தில் படுத்துக் கிடப்பது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. தன்னாமுனையில் பாங்கு கேட்காது. சூசையப்பர் கோயில் மணி கேட்கும். இலங்கை வானொலி முஸ்லிம் சேவையின் மஃரிப் பாங்குக்காக உம்மம்மா பழைய ட்ரான்ஸிஸ்டருக்குப் புது பற்றரி போட்டார். நானா ஏறாவூரிலிருந்து பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டுவந்து வாசல் திண்ணையில் வைப்பான். உள்ளே வருவதில்லை. முதல் இரண்டு கிழமையில் அது சரி. இப்போது எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஒரு நாள் மழை பெய்தது. அன்றைக்கு உள்ளே வந்தான், கஞ்சி குடித்தான், தலையைத் துவட்டிக்கொண்டு என் பாயைப் பார்த்துச் சிரித்தான். பிறகு தினமும் வந்தான்.

அந்த நாட்களில் நம் சரித்திரத்தில் ஒரு சம்பவம் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. உமர் (ரழி) அவர்கள் ஷாமுக்குப் போகும் வழியில் ஸர்க் என்ற இடத்தில் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டுத் திரும்பினார்கள். நோயுள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கே இருப்பவர் வெளியேறவும் வேண்டாம் என்ற நபிகளாரின் (ஸல்) வழிகாட்டல் அதற்கு ஒத்திருந்தது. கொரோனா நேரத்தில் இதை எல்லா பயான்களிலும் கேட்டோம். அந்தக் கதையில் உள்ளே இருந்தவர் ஒருவர் உண்டு, அபூஉபைதா (ரழி). தம் மக்களை விட்டு வர மறுத்து அங்கேயே இருந்து, அந்த நோயிலேயே மௌத்தானார்கள். அய்யூப் நபியின் வரலாற்றிலும் எல்லோரும் விலகிப் போனபோது பக்கத்தில் இருந்தவர் அவர்களுடைய மனைவி என்று சொல்லப்படுகிறது. பொறுமையென்றால் அய்யூப் நபியைச் சொல்லுகிறோம். அந்த அம்மாவின் பொறுமையைப் பற்றி யாரும் அதிகம் பேசிக் கேட்டதில்லை. எனக்கு எதிரே எழுபது வயதில் ஒருவர், மூட்டு வலியோடு, தலையில் துணி சுற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

பக்கத்து வளவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அந்த அக்காவுக்கு என் நோய் என்னவென்று முதல் கிழமையிலேயே தெரிந்துவிட்டது. மிஸ்ஸின் சைக்கிளைப் பார்த்தே ஊகித்திருப்பார். ஒரு நாள் வேலிக்கு மேலால் ஆறு முட்டை நீட்டினார். "தங்கச்சிக்கு அவிச்சுக் குடுங்க பெரியம்மா, இந்த மருந்துக்கு நல்லாச் சாப்பிடோணும்" என்றார். அவருடைய அண்ணன் ஒருவர் இதே மருந்து எடுத்துச் சுகமானவராம். அதற்குப் பிறகு கிழமைக்கு இரண்டு தடவை முட்டை வேலிக் கட்டையில் வந்து உட்காரும்.

அந்த வருடம் உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் பதினேழு, நோன்புக்கு நடுவில். 2019இல் அதே பெருநாளில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்ததற்குப் பிறகு, அந்தத் திகதி வரும்போதெல்லாம் எங்கள் வீடுகளில் குரல் தாழ்ந்துவிடும். அன்றைக்கு விடியற்புறம் கோயில் மணி நீண்ட நேரம் அடித்தது. உம்மம்மா திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டேயிருந்தார். அக்கா பூசை முடிந்து வந்து, வழக்கம் போல வேலியருகில் நின்றார். உம்மம்மா எழும்பிப் போனார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என்ன பேசினார்கள் என்று ஜன்னலிலிருந்து எனக்குக் கேட்கவில்லை. பேசினார்களா என்பதும் தெரியவில்லை. அன்று இஃப்தாருக்குக் கேக் இருந்தது.

அதற்கு அடுத்த நாட்களில் இரண்டு மாதச் சளிப் பரிசோதனை முடிவு வந்தது. கிருமி இல்லை. மாத்திரை நான்கு மருந்திலிருந்து இரண்டுக்கு இறங்கியது. வீட்டுக்கு வரலாம் என்று அப்போதும் யாரும் சொல்லவில்லை. மே மாதம் 23ஆம் திகதி சாதாரண தரப் பரீட்சை. எனக்கு ஒரு தோழி இரண்டு மாதமாகப் பாடக் குறிப்புகளைத் தன் கையால் எழுதி நானாவிடம் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தாள். கணிதம், விஞ்ஞானம், வரலாறு. பெருநாள் முடிந்து அந்தக் கொப்பிகளை நானா திருப்பிக் கொடுக்கப் போனபோது, வேண்டாம், அவவே வைத்துக்கொள்ளட்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். சொன்னவர் அவளுடைய உம்மா. மரியாதையாகத்தான் சொன்னாராம். அந்தக் கொப்பிகள் இன்னும் என் அலுமாரியில் இருக்கின்றன. தோழிக்கும் எனக்கும் இடையில் ஒன்றுமில்லை. இன்றும் ஒரே வாங்கில்தான் இருக்கிறோம். கொப்பியைப் பற்றி இருவரும் பேசியதில்லை. அவள் இதை வாசிப்பாள். அவளுடைய உம்மாவும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்: காசநோய் காகிதத்தில் ஏறாது. நுரையீரலில் நோய் உள்ளவர் மருந்தில்லாமல் இருமும்போது காற்றில்தான் அது பரவும். நான் அந்தக் கொப்பிகளைத் திறந்த காலத்தில் பெரும்பகுதி என் இருமலில் கிருமியே இருக்கவில்லை.

பரீட்சையை எல்லோரோடும் ஒரே மண்டபத்தில் எழுதலாம் என்று டொக்டர் கடிதம் தந்தார். கடிதத்தை யாரும் கேட்கவில்லை. மே 22ஆம் திகதி உம்மா தன்னாமுனைக்கு வந்தார். என் பொருட்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டார். நான் இழைத்த இரண்டு பாய்களில் ஒன்றைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டார். மற்றதை உம்மம்மா ஏற்கனவே வேலிக்கு அப்பால் கொடுத்துவிட்டிருந்தார்.

கலியாணப் பேச்சு ஜூனில் முறிந்தது. காரணம் வீட்டுக்கு மேல்மாடி. மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள், சீமெந்து விலை ஏறிக் கிடந்த அந்த வருடத்தில் வாப்பாவால் முடியாது என்றார். என் நோயைப் பற்றி அவர்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. அடுத்த வருடம் வேறிடத்தில் நல்லபடியாக முடிந்தது. அந்த மச்சானுக்கு நிக்காஹ்வுக்கு முன்பே ராத்தா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "சுகமாகிட்டாதானே?" என்று ஒரு கேள்வி கேட்டாராம், அவ்வளவுதான்.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் கடைசி மாத்திரை. பெற்றோலுக்குக் கியூ.ஆர். வந்திருந்த நேரம், வாப்பாவே வண்டியில் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிப் போனார். அட்டையில் கட்டங்கள் எல்லாம் நிறைந்திருந்தன.

இலங்கையில் ஆண்டொன்றுக்கு எண்ணாயிரம் பேரளவில் காசநோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். அதில் நம் ஊர்களில் எத்தனை பேர் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு யோசனை உண்டு, ஏனென்றால் இப்போது எங்கள் வீட்டைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். பெரும்பாலும் இஷாவுக்குப் பிறகு, தெரு அடங்கியதும். போன மாதமும் ஒரு தாய் வந்தார். கூடவே மாஸ்க் போட்ட மகள், எட்டாம் ஆண்டு படிப்பாள் போல. எந்த பஸ், எங்கே இறங்குவது, சளியை எப்போது எடுப்பது, மாத்திரை குமட்டினால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொன்னேன். மூத்திரத்தின் நிறத்தை மறக்காமல் சொன்னேன், அந்தப் பிள்ளை முதல் தடவையாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

எழும்பிப் போகும்போது அந்தத் தாய் குரலைத் தாழ்த்தி உம்மாவிடம் கேட்டார். "ராத்தா, ஆறு மாசத்துக்கும் புள்ளைய எங்க வெச்சிக்கிற?"

உம்மா என்னைப் பார்க்கவில்லை. "வீட்டிலதான் கா," என்றார். "ஜன்னலத் தொறந்து வெச்சாப் போதும்."